சிலப்பதிகாரத்தில் கருத்தும் பாத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து சிலப்பதிகாரம் படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று கலவையான கூட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைப் படித்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதியவை.

"ஸ்கூல்ல படிச்ச கதை சார், பாதி மறந்துபோச்சு. ஒரு தடவை சொல்லிடுங்களேன்?"

புகார் நகரத்து வணிகன் கோவலன் மனைவி கண்ணகியைப் பிரிந்து ஆடல்மகள் மாதவியோடு வாழ்கிறான். இந்திரவிழாவை ஒட்டிக் கடற்கரைக்குப் போன இடத்தில் அவளோடு மனம் கசந்து வீடு திரும்புகிறான். கையில் காசில்லை. கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்துப் பிழைக்கலாம் என்று விடியுமுன் இருவரும் மதுரைக்குக் கிளம்புகிறார்கள். கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி வழித்துணை. மதுரையில் சிலம்பு விற்கப் போனவனை, அரசியின் சிலம்பைத் திருடியிருந்த பொற்கொல்லன் ஒருவன் கள்வன் என்று மாட்டிவிட, விசாரணை இல்லாமலே கொன்றுவிடுகிறார்கள். கண்ணகி அரசவையில் வழக்காடி வெல்கிறாள். பாண்டியன் உயிர் விடுகிறான், மதுரை எரிகிறது. பிறகு சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து அவளுக்குக் கோயில் எடுக்கிறான்.

எழுதியவர் இளங்கோவடிகள். புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம்; முறையே 10, 13, 7 காதைகள், அதாவது அத்தியாயங்கள், ஆக 30.

"கருப்பொருள் எழுதுகன்னு கேட்டா நான் கதைச் சுருக்கத்தை எழுதிட்டு வந்துடுறேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. "கோவலன் கொலையுண்டான்" என்பது கதை. "விசாரிக்காமல் கொடுத்த தண்டனை கொடுத்தவனையே திருப்பி அடிக்கும்" என்பது கருத்து. கதையைச் சொல்ல ஆட்களின் பெயர் வேண்டும், கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்திலிருந்து கோவலன், கண்ணகி என்ற பெயர்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அது கருத்து, பொத்தென்று விழுந்தால் கதை.

இந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தொல்காப்பிய மரபில் கருப்பொருள் என்றால் ஒரு திணைக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலானவை. தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு "மருதம், எருமை" என்று எழுதிய கதையெல்லாம் உண்டு. அதனால் இந்தப் பக்கத்தில் நான் கருத்து என்றே எழுதுகிறேன்.

"பதிகத்துலயே மூணு கருத்தையும் சொல்லிட்டாங்களே, அப்புறம் நாம ஆராய என்ன இருக்கு?"

பதிகம் என்பது நூலின் முகப்பில் நிற்கும் முன்னுரைப் பாட்டு. அதில் எல்லாரும் மனப்பாடம் செய்த வரிகள்தான்: "அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம், உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்." ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமன், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவார்கள், பழைய வினை தேடிவந்து பிடிக்கும்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒன்றோடொன்று மோதும். எல்லாம் ஊழ்தான் என்றால் பாண்டியன் பிழைத்தான் என்று எப்படிச் சொல்வது? பாண்டியன்தான் பிழைத்தான் என்றால் ஊழுக்கு அங்கே என்ன வேலை? இந்த உரசலை ஆராயத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். பதிகம் கொடுப்பது விடைத்தாள் இல்லை, வினாத்தாள். ஊழைப் பற்றிக் கீழே தனியாகவே ஒரு கேள்வி வருகிறது, அங்கே விரிவாகப் பார்க்கலாம்.

"மூலத்தைப் படிச்சே ஆகணுமா? உரை போதாதா?"

உரை இல்லாமல் முடியாது, உரையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. 1892இல் உ.வே.சாமிநாதையர் இதைப் பதிப்பித்தபோதே பழைய உரைகளான அரும்பதவுரையையும், கிடைத்த அளவு அடியார்க்கு நல்லார் உரையையும் சேர்த்துத்தான் கொடுத்தார். தொடங்குகிறவர்களுக்கு நான் ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரையைச் சொல்வேன். ஆனால் பாத்திரத்தைப் பற்றி ஏதாவது முடிவு சொல்வதற்கு முன்னால் அந்த இடத்து மூல வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

"புகார்ல கண்ணகி வாயே திறக்கமாட்டா. மதுரைல திடீர்னு அந்தக் கோபம் எங்கிருந்து வந்துச்சு?"

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். மெரினா கடற்கரையில் 1968இல் வைத்த சிலை கையில் சிலம்போடு நிற்கும் கண்ணகியைக் காட்டுகிறது. பலருக்கும் மனத்தில் இருப்பது அந்த ஒரு கணம் மட்டுமே. அதற்கு முந்தைய கண்ணகியை 'அப்பாவி' என்று ஒதுக்கிவிட்டால் மாற்றம் திடீரென்று வந்ததாகத்தான் தோன்றும். கோவலன் "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே" என்று அடுக்கும்போது அவள் பதில் பேசவில்லை, உண்மைதான். அவள் குரல் நமக்குக் கேட்பது ஒன்பதாவது காதையில். சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள் தோழி தேவந்தி. கண்ணகியின் பதில் ஒரே சொல்: "பீடன்று." அது எனக்குப் பெருமை இல்லை. பரிகாரம் செய்து புருஷனைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிற ஆளை அப்பாவி என்று எப்படிச் சொல்வது?

சற்று நேரத்தில் கோவலன் வருகிறான். பொருளையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு "சிலம்பு உள, கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிக்குக் கொடுக்கக் காசில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்தே அவள் அப்படிச் சொன்னாள் என்பது உரைகாரர்கள் காட்டும் நுட்பம். அப்படிப் படித்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது இடம் கொலைக்களக் காதை. மதுரைக்கு வெளியே ஆயர்சேரியில் மாதரி வீட்டில், வளைந்த அரிவாள்மனையில் காய் நறுக்கி, விரல் சிவக்க, முகம் வியர்க்க, புகையில் கண் சிவக்கச் சமைத்து, வாழைக் குருத்தில் போட்டுக் கோவலனுக்குச் சோறு வைக்கிறாள். சாப்பிட்டு முடித்தவன், "எழு என்றதும் கிளம்பி வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய்" என்று உருகுகிறான். அப்போது சொல்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." நல்லவர்கள் மதிக்காத நடத்தை உம்முடையது என்று முகத்துக்கு நேரே, குரல் உயர்த்தாமல், வெற்றிலை மடித்துக் கொடுத்த கையோடு. அதன்பின் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான், உயிரோடு திரும்பவில்லை. "தேரா மன்னா", ஆராயாத மன்னனே, என்று அரசவையில் பேசியது இதே வாய்தான்.

"கோவலன் நல்லவனா கெட்டவனா? ஒரே வரில சொல்லுங்க சார், பரீட்சைக்கு."

ஒரே வரியில் சொன்னால் மதிப்பெண் கிடைக்கலாம், கோவலன் கிடைக்கமாட்டான். கெட்டவன் என்று முடிவு கட்டியவர்கள் அடைக்கலக் காதையைப் படிக்காதவர்கள். அங்கே மாடலன் என்ற மறையோன் கோவலனின் பழைய செயல்களை நினைவுபடுத்துகிறான். மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதிய அந்தணனைக் குதித்துக் காப்பாற்றியிருக்கிறான். பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்றுவிட்டுக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறான். பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்தபோது அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைத் தர முன்வந்திருக்கிறான்.

இளங்கோ இதை எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். கோவலன் சாகப்போவதற்குச் சற்று முன்னால். நாம் அவனை வெறுத்து முடித்த பிறகு. எனக்குத் தெரிந்து கோவலனின் குணம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, உடனடி. யானையைப் பார்த்தால் உடனே பாய்வான், 1008 கழஞ்சு பொன் விலை சொன்ன மாதவியின் மாலையைப் பார்த்தால் உடனே வாங்குவான், ஒரு பாட்டைக் கேட்டால் உடனே பிரிவான். மதுரைத் தெருவில் சட்டை போட்டு, பின்னால் நூறு கொல்லர் வர நடந்த ஒருவனைப் பார்த்ததும் இவன்தான் ஏற்ற ஆள் என்று உடனே நம்புவான். அவனுடைய வள்ளல்தனமும் அழிவும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

"மாதவிதானே குடியைக் கெடுத்தா? அவளை ஏன் எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுறாங்க?"

பாட்டில் அவள் என்ன செய்தாள் என்று மட்டும் பாருங்கள். அரங்கேறியபோது வயது 12. மாலையைத் தெருவில் விலை கூறியது ஒரு கூனி, வாங்கியது கோவலன். கடற்கரையில் இருவரும் பாடும் பகுதியான கானல்வரியில் அவன் வேறொரு பெண்ணை நினைத்துப் பாடுவதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவளும் அதே பாணியில், வேறு குறிப்பு இருப்பதுபோல் பாடுகிறாள். அவன் "மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்" என்று எழுந்து போகிறான். இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவள் எழுதிய கடிதம் இரண்டு. தோழி வசந்தமாலை கொண்டுபோன முதல் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. இரண்டாவதைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரை வழியில் கொண்டுவந்து தருகிறான். பெரியவர்களுக்குச் செய்யவேண்டியதை விட்டு, நற்குடிப் பெண்ணோடு இரவோடு இரவாகக் கிளம்ப நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்கிறாள். படித்ததும் தீது அவளுடையது இல்லை, தன்னுடையது என்று அவனுக்குப் புரிகிறது. அப்புறம் அவன் செய்வதுதான் விசேஷம். அந்த ஓலையையே தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான், தான் சொல்ல வேண்டியதற்கும் அந்த வாசகமே பொருந்துகிறது என்று. காதலி எழுதியது மகன் எழுதியதாகிறது. மாதவியை மதிப்பிட அந்த ஓலை ஒன்றே போதும் என்பேன்.

"பொற்கொல்லனுக்குக் கோவலன்மேல என்ன பகை?"

பகை எதுவும் இல்லை. அரசியின் சிலம்பு அவனிடம்தான் இருக்கிறது, அகப்படுவோமோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு அதேபோல ஒரு சிலம்போடு ஊர் பேர் தெரியாத ஆள் வந்து நிற்கிறான். அவ்வளவுதான். ஆனால் அவன் கெட்டிக்காரன். "இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே" என்று காவலர் தயங்கும்போது, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்குத் துணையாகும் எட்டை வகுப்பெடுக்கிறான். தயக்கத்தை அறிவால் அடிக்கிற ஆள்.

"பாண்டியன் தப்பை ஒத்துக்கிட்டு அங்கேயே செத்துட்டான். அவனை ஏன் இன்னும் குத்தவாளின்னு சொல்றோம்?"

கொலைக்கு முந்தைய நிமிஷங்களைப் பாருங்கள். கூத்து நடக்கிறது, அரசன் ஆடும் பெண்களைப் பார்க்கிறான், அரசி ஊடல் கொண்டு தலைவலி என்று சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கிப் போகிற வழியில்தான் கொல்லன் காலில் விழுகிறான். அரசனுக்கு மனசு அங்கே இல்லை. காவலரைக் கூப்பிட்டு, அவன் கையில் சிலம்பு இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்கிறான். 'கொல்ல' என்று சொல்ல வந்தவன் வாய்தவறி 'கொன்று' என்றான் என்பது ஒரு பழைய விளக்கம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கவி அந்த இடத்திலேயே அவனைத் "தேரான் ஆகி" என்று சொல்லிவிட்டார். ஆராயாதவன்.

அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்குரை காதைக்கு வாருங்கள். கண்ணகியின் முதல் வார்த்தை "தேரா மன்னா." அவன் "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்கிறான். அவள் என் சிலம்பின் பரல், உள்ளே ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். அவன் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று சொல்லி, சிலம்பைக் கொண்டுவரச் செய்து முன்னால் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மணி அவன் முகத்தில் தெறிக்கிறது. வாதம், எதிர்வாதம், சான்று. நேற்றே நடந்திருக்க வேண்டிய விசாரணை இதுதான். இன்று அதைச் சரியாக நடத்தத் தெரிந்தவனுக்கு நேற்றும் தெரிந்திருக்கும். "யானோ அரசன், யானே கள்வன்" என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது. தண்டனையை ஏற்றுக்கொண்டவன் பெரியவன். குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

"எல்லாமே ஊழ்வினைன்னா யாரையும் குறை சொல்ல முடியாதே?"

மூன்றாவது கேள்வியில் தள்ளிவைத்தது இதுதான். மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் முன்கதை சொல்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் கலிங்க நாட்டில் அரசனிடம் பணி செய்தவன். சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து, மலையிலிருந்து விழுந்து உயிர்விடுமுன் சாபமிட்டாள்.

கவனித்தீர்களா? நகை விற்க வந்த வெளியூர் வணிகன், பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசன். அதே வழக்கு. ஊழ் என்று இளங்கோ சொல்லும் இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் கேட்காமல், பார்க்காமல் முடிவெடுக்கிறார். கானல்வரியில் கோவலன் எழுந்து போகும்போது ஊழ்வினை வந்து உருத்தது என்கிறார். அதே மூச்சில் அவன் என்ன தப்பாக நினைத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறார். எனவே ஊழ் ஆளை விடுவிக்கவில்லை என்பது என் வாசிப்பு. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இதை இன்றுவரை ஏற்கவில்லை. சமண வினைக்கொள்கையை நான் நீர்த்துப்போகச் செய்கிறேன் என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

"ஒரு தப்பும் செய்யாத ஊரை எரிச்சது நியாயமா? கண்ணகியும் விசாரிக்காமத்தானே தண்டிச்சா?"

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைக் கேட்டபோது அரை மணி நேரம் யாரும் வேறு எதையும் பேசவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று கண்ணகி தீக்குச் சொன்னது உண்மை. ஆனால் தீத்திறத்தார் யார் என்று நெருப்பு எப்படித் தேரும்? காப்பியம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்கலாம். கண்ணகி தெய்வமான பின் "தென்னவன் தீதிலன்" என்கிறாள், தன்னை அவன் மகள் என்றுகூடச் சொல்கிறாள். இன்னொரு பக்கம், கொற்கையில் இருந்த பாண்டிய மரபின் வெற்றிவேற்செழியன் கண்ணகியைச் சாந்திப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டதாக, நூலின் முகப்பில் உள்ள உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். யாரையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. தேராமை பாண்டியனோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் இந்த வரி இடிக்கும்.

"வஞ்சிக்காண்டத்தை விட்டுட்டுப் படிக்கலாமா? படையெடுப்பா வருது, சலிப்பா இருக்கு."

கதைக்காகப் படிக்கிறவர் விடலாம். கருத்துக்காகப் படிக்கிறவர் முடியாது, பதிகத்தின் இரண்டாவது கருத்து அங்கேதான் வருகிறது. புகாரில் பிறந்தவள், மதுரையில் வழக்காடியவள், சேரநாட்டில் தெய்வமாகிறாள். விழாவுக்கு வந்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" ஒருவன். இலங்கையில் சிங்களவர் பத்தினி தெய்யோ என்றும் கிழக்குக் கரைத் தமிழர் கண்ணகி அம்மன் என்றும் இன்றும் வழிபடுகிறார்கள். செங்குட்டுவனிடம் தோற்றுக் கல் சுமந்த வடநாட்டு அரசர் கனக விசயரின் தலையை மட்டும் பார்த்தால் அது வெறும் போர்ப்பாட்டாகத்தான் தெரியும்.

"சின்னச் சின்ன ஆட்களையும் ஆராயணுமா? மாதரி மாதிரி ரெண்டு சீன் வர்றவங்களை?"

மாதரியை எடுத்துக்கொண்டதே நல்லது. மோர் விற்கிற இடைச்சி. கவுந்தியடிகள் ஒப்படைத்த அடைக்கலப் பொருளாகக் கண்ணகியை வீட்டில் வைத்து, சமைக்கப் பாத்திரமும் காயும் அரிசியும் கொடுத்தவள். கொலைக்குப் பிறகு அவளை நாம் மறந்தே போகிறோம்.

வஞ்சிக்காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் செங்குட்டுவனிடம் போகிறபோக்கில் அவள் முடிவைச் சொல்கிறான். "அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள், குடையும் கோலும் பிழைத்தவோ" என்று கதறி, நள்ளிரவில் அவள் தீயில் இறங்கிவிட்டாள். அரசன் குடையும் செங்கோலும் தவறினவா என்று ஊரார் முன்னால் கேட்டது அந்த மோர்க்காரி. பதிகத்தின் முதல் கருத்தில் வருகிற அதே 'பிழைத்த' என்ற சொல் அவள் வாயிலும் வருகிறது. ஆனால் பாண்டியனைப் போல அவள் யாருக்கும் எந்தத் தீர்ப்பும் சொன்னவள் இல்லை. அடைக்கலம் என்று வாங்கிக்கொண்ட பெண்ணைத் திருப்பி ஒப்படைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.